முகமும் ஓர் அமானிதமே!

சாரல் பருவம் தொடங்கிவிட்டால் தென்காசிச் சீமைக்கே ஒரு புதுப்பொலிவு வந்துவிடும். ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலையைத் தொட்டதும் பேரருவி, பழைய குற்றாலம், புலியருவி, ஐந்தருவி என எங்கு நோக்கினும் மக்கள் கூட்டம். ஒரே பாறையில் ஐந்து கிளைகளாகப் பிரிந்து விழும் ஐந்தருவிக்குச் செல்லும் சாலையில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்திருக்கும். நேந்திரங்காய் வறுவலின் மணம் வீசும். குழந்தைகளின் கண்களைப் பறிக்கும் மரச் சொப்புகள் வண்ண வண்ணமாக அடுக்கப்பட்டிருக்கும். கடையநல்லூரிலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் வடகரையிலிருந்தும் மேலப்பாளையத்திலிருந்தும் நம் குடும்பங்கள் வேன் பிடித்து வந்து, ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாக நீராடி, கொண்டு வந்த உணவை மரநிழலில் பகிர்ந்து உண்டு திரும்புவது ஆண்டுதோறும் காணும் காட்சி.

அந்தப் பயணத்தின் நினைவாக வீட்டுக்கு எடுத்துச் செல்லும் பொருள்தான் இப்போது மாறியிருக்கிறது. முன்பு அது ஒரு சொப்புப் பெட்டியாக இருந்தது. பின்னர் சட்டமிட்ட புகைப்படமாக இருந்தது. இன்றோ அருவிக்கரையில் எடுத்த படம் கைப்பேசியிலிருந்து நேரே ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலிக்குச் செல்கிறது. சில நொடிகளில் அது ஒரு பொம்மையாகத் திரும்பி வருகிறது. கண்ணாடித்தாள் மூடிய அட்டைப் பெட்டி. பெட்டியின் தலையில் கொட்டை எழுத்தில் நம் பெயர். உள்ளே நம் முகம் கொண்ட சிறு பிளாஸ்டிக் உருவம். பக்கத்தில் மூக்குக்கண்ணாடி, மடிக்கணினி, தேநீர்க் குவளை, காரின் சாவி. கடையில் தொங்கும் விளையாட்டுப் பொம்மையைப் போலவே இருக்கும். தொட்டுப் பார்க்கத்தான் முடியாது. அது வெறும் படம்.

இந்த அலை எழுந்தது 2025ஆம் ஆண்டில். அந்த ஆண்டு மார்ச் 25 அன்று ஓபன்ஏஐ நிறுவனம் தன் சாட்ஜிபிடியில் படம் வரையும் புதிய வசதியைத் திறந்தது. முதலில் ஜப்பானிய ‘ஜிப்லி’ பாணிச் சித்திரங்கள் பரவின. ஏப்ரலில் பெட்டிக்குள் அடைத்த ‘ஆக்ஷன் பிகர்’ பொம்மைகள் உலகைச் சுற்றி வந்தன. திறந்த முதல் வாரத்தில் மட்டும் 13 கோடிக்கும் மேற்பட்டோர் 70 கோடிக்கும் மேற்பட்ட படங்களை உருவாக்கினர் என்று அந்நிறுவனமே அறிவித்தது. ஆகஸ்ட் 26 அன்று கூகுள் நிறுவனம் தன் ஜெமினியில் ‘நானோ பனானா’ என்று செல்லப்பெயர் பெற்ற வசதியை வெளியிட்டதும், மேசைமீது நிற்கும் முப்பரிமாணச் சிலைப்படங்கள் இந்தியாவெங்கும் பரவின. செப்டம்பரில் சேலை கட்டிய பழைய திரைப்பட நாயகியர் தோற்றம் வந்தது. ஓர் அலை ஓய்வதற்குள் அடுத்த அலை. நம் வீட்டுப் பிள்ளைகளும், ஏன், பெரியவர்களும்கூட, இதில் நனையாமல் இல்லை.

இதைக் கண்டதும் ‘கூடாது’ என்று ஒரே சொல்லில் கதவடைப்போர் உண்டு. ‘வெறும் விளையாட்டுத்தானே’ என்று கதவை அகலத் திறந்து விடுவோரும் உண்டு. இரண்டுக்கும் முன்பாக, இது என்ன என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நம் கடமை அல்லவா?

பொம்மையின் பழைய கதை

பொம்மை மனிதனுக்குப் புதிதன்று. நம் பக்கத்து அம்பாசமுத்திரத்தில் கடைசல் பிடித்து, அரக்கு வண்ணம் ஏற்றிச் செய்யும் மரச் சொப்புச் சாமான்கள் தலைமுறை தலைமுறையாக வருபவை. அவற்றுக்கு 2025ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. சின்னஞ்சிறு அடுப்பு, பானை, அம்மி, உரல் ஆகியவற்றை வைத்துக்கொண்டு ஒரு பெண்குழந்தை மணிக்கணக்கில் ஆடுவாள். அந்தச் சொப்பில் எவர் முகமும் இல்லை; எவர் பெயரும் இல்லை. அதில் உள்ள உலகம் முழுவதும் அந்தக் குழந்தையின் கற்பனையே.

மேலைநாட்டில் 1959ஆம் ஆண்டு மேட்டல் நிறுவனம் ‘பார்பி’யை அறிமுகம் செய்தது. 1964ஆம் ஆண்டு ஹாஸ்ப்ரோ நிறுவனம் பன்னிரண்டு அங்குல உயரமுள்ள படைவீரன் உருவம் ஒன்றை ‘ஜி.ஐ. ஜோ’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஆண்பிள்ளைக்குப் பொம்மை வாங்கித்தரப் பெற்றோர் தயங்குவர் என்று எண்ணி, ‘பொம்மை’ என்ற சொல்லையே தவிர்த்து, ‘ஆக்ஷன் பிகர்’ என்ற புதுப்பெயரைச் சூட்டினர். இன்று நம் பிள்ளைகளின் நாவில் புழங்கும் அந்தச் சொல் பிறந்தது இப்படித்தான்; அது வணிகம் ஈன்ற சொல்.

முஸ்லிம் உலகிலும் இதற்கு எதிரொலி உண்டு. 2003ஆம் ஆண்டு சிரியாவைச் சேர்ந்த நிறுவனம் ஒன்று ஹிஜாப் அணிந்த ‘ஃபுல்லா’ என்ற பொம்மையை வெளியிட்டது. வளைகுடாவில் வேலை பார்த்த வாப்பாமார் ஊருக்கு வரும்போது அதைப் பெட்டியில் வைத்துக் கொண்டு வந்ததும் உண்டு.

நம் மார்க்கத்தில் விளையாட்டுக்கு இடமில்லை என்று எண்ணுவது அறியாமை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் பொம்மைகளை வைத்துத் தோழியருடன் விளையாடியதும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுக்காததோடு, வெட்கப்பட்டு ஒதுங்கிய தோழியரை அவரிடம் விளையாட அனுப்பி வைத்ததும் புகாரி, முஸ்லிம் நூல்களில் பதிவாகியுள்ளன. ஆஷூரா நோன்பு நோற்ற குழந்தைகள் பசியால் அழுதபோது, நபித்தோழியர் கம்பளியால் பொம்மை செய்து கொடுத்து நேரம் கடத்திய செய்தியும் உண்டு. மறுபுறம், உயிருள்ளவற்றின் உருவம் சமைப்பது குறித்த கடும் எச்சரிக்கைகளும் ஹதீஸ்களில் உள்ளன. கேமராப் படம் அந்த எச்சரிக்கையில் அடங்குமா, கண்ணாடியில் தெரியும் நிழலைப் போன்றதுதானா என்பதில் உலமாக்கள் நெடுங்காலமாகக் கருத்து வேறுபட்டு வருகின்றனர். எந்திரம் புதிதாகப் படைத்துத் தரும் உருவத்தைப் பற்றிய ஆய்வும் அவர்களிடையே நடந்து வருகிறது. தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலையன்று. அதனை அவரவர் நம்பும் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வதே முறை. ஆனால், தீர்ப்பு எதுவாயினும் எவரும் மறுக்க முடியாத ஒரு பகுதி இதில் உண்டு. அதுதான் அமானிதம்.

எந்திரம் எப்படி வரைகிறது?

இந்த எந்திரத்துக்குக் கண்ணும் இல்லை, கையும் இல்லை. இணையத்தில் கிடக்கும் எண்ணற்ற படங்களையும் அவற்றோடு சேர்ந்த சொற்களையும் அது பயிற்சிப் பாடமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. ‘பெட்டி’ என்றால் எத்தகைய கோடுகள், ‘பிளாஸ்டிக் பளபளப்பு’ என்றால் எத்தகைய ஒளி, ‘மூக்குக்கண்ணாடி’ எங்கே அமரும் என்பதையெல்லாம் கணக்காகக் கற்றிருக்கிறது. நாம் தரும் முகத்தை அந்தக் கணக்கில் கோத்து, ‘இப்படித்தான் இருக்கக்கூடும்’ என்று ஊகித்து ஒரு படத்தைத் தருகிறது. ஆகவே அது நம்மைப் பார்த்து வரைந்ததன்று. நம்மைப் போன்றவர் என்று அது கருதும் பல்லாயிரம் பேரின் சராசரியில் நம் சாயலைக் கலந்து தருவது. தமிழில் பெயர் எழுதச் சொன்னால் பல வேளைகளில் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடப்பதும் இதனால்தான். அது எழுத்தைப் படித்து எழுதவில்லை. எழுத்தின் தோற்றத்தை வரைகிறது.

இவ்வளவும் நடப்பது பெரும் கணினிக் கிடங்குகளில். மார்ச் 2025இல் பயன்பாடு பெருகியபோது தங்கள் கணினிச் சில்லுகள் உருகுகின்றன என்று ஓபன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மன் வேடிக்கையாக எழுதினார். வசதிக்குத் தற்காலிக வரம்பும் விதித்தார். உலகின் கணினிக் கிடங்குகள் அனைத்தும் சேர்ந்து 2024இல் ஏறத்தாழ 415 டெராவாட் மணி மின்சாரத்தை, அதாவது உலக மின்நுகர்வில் சுமார் ஒன்றரை விழுக்காட்டைச் செலவிட்டன என்றும், 2030இல் அது ஏறத்தாழ 945 ஆகக் கூடும் என்றும் பன்னாட்டு எரிசக்தி முகமை 2025 ஏப்ரலில் கணித்தது. இதில் பொம்மைப் படங்களின் பங்கு சிறிதாக இருக்கலாம். எனினும், ஓடும் ஆற்றில் உளூச் செய்தாலும் நீரை வீணாக்காதே என்று கற்ற சமுதாயம், ஒரே படத்தை இருபது முறை மாற்றி மாற்றிக் கேட்கும்போது ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம்.

பெட்டிக்குள் யார்?

என் மாணவர் ஒருவர், ரியாதில் ஓட்டுநராகப் பணிபுரியும் தம் வாப்பாவின் படத்தைக் கொடுத்து ஒரு பொம்மைப் பெட்டி செய்யச் சொன்னார். ‘அரபு நாட்டில் வேலை செய்யும் என் தந்தை’ என்பதே அவர் தந்த குறிப்பு. வந்த படத்தில் வாப்பாவின் பக்கத்தில் ஓர் ஒட்டகம், ஒரு தங்கக் கட்டி, வானளாவிய ஒரு கோபுரம். பையன் சிரித்தார். பிறகு, “எங்க வாப்பா ஒட்டகத்தைப் பார்த்ததுகூட இல்லையாம் உஸ்தாத்” என்றார். வெயிலில் வண்டி ஓட்டிக் கறுத்த கை, மாதந்தோறும் வரும் பணம், இரவு பத்து மணிக்கு வரும் வாட்ஸ்அப் அழைப்பு ஆகிய எதுவும் அந்தப் பெட்டியில் இல்லை. எந்திரத்துக்குத் தெரிந்த ‘அரபு நாடு’ வேறு. அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த வாப்பா வேறு.

இது ஒரு பையனின் அனுபவம் மட்டுமன்று. ‘ரெஸ்ட் ஆஃப் வேர்ல்டு’ என்ற இதழ் 2023ஆம் ஆண்டு ‘மிட்ஜர்னி’ என்ற படம் வரையும் எந்திரத்தைச் சோதித்தது. ‘ஓர் இந்தியர்’ என்று கேட்டபோது வந்த படங்களில் கிட்டத்தட்ட அனைத்தும் தாடி வைத்த முதியவரையே காட்டின. 140 கோடி மக்கள் ஒரே முகமாகிவிட்டனர்! எழுத்துத் துறையிலும் இத்தகைய கோணல் உண்டு. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் உள்ளிட்ட மூவர் 2021இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு முஸ்லிம்கள் ஓரிடத்தில் நுழைந்தனர் என்று தொடங்கும் வாக்கியத்தைக் கொடுத்து முடிக்கச் சொன்னபோது, அந்நாளைய ‘ஜிபிடி-3’ நூற்றுக்கு அறுபத்தாறு முறை வன்முறையைச் சேர்த்தே முடித்தது. பின்னர் வந்த எந்திரங்கள் பலவாறு திருத்தப்பட்டுள்ளன. ஆயினும், மனிதர் எழுதிக் குவித்ததையும் வரைந்து குவித்ததையும் தின்று வளர்ந்த எந்திரம், மனிதரின் தப்பெண்ணத்தையும் சேர்த்தே செரித்திருக்கிறது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சிந்திக்கத்தக்கது. ஒரு மனிதரை ஐந்து பொருள்களால் அறிமுகப்படுத்துவதே இந்தப் பெட்டியின் இலக்கணம். மருத்துவருக்கு ஸ்டெதாஸ்கோப், ஆசிரியருக்குப் பிரம்பு, வீட்டிலிருக்கும் உம்மாவுக்கு ஒரு கரண்டி. நம் வீடுகளில் தாய்மாருடைய உழைப்பு ஒரு கரண்டியில் அடங்கிவிடுமா? கணக்கு வைப்பவர் அவர். நோயாளிக்குக் கண்விழிப்பவர் அவர். பேரப்பிள்ளைக்கு அலிஃப், பா சொல்லித்தருபவர் அவர். சம்பந்தி வீட்டுப் பிணக்கைத் தீர்த்து வைப்பவரும் அவரே. ஒரு பிள்ளை தன் உம்மாவின் பெட்டியில் என்ன வைப்பது என்று உண்மையாகவே உட்கார்ந்து யோசித்தால், அந்த யோசனை படத்தைவிட மேலானது. அதற்கு எந்திரமும் தேவையில்லை.

நாம் கொடுப்பது என்ன?

கிடைப்பது ஒரு படம். கொடுப்பது என்ன? தெளிவான முகம், முழுப்பெயர், தொழில், வேலை செய்யும் நிறுவனம், விருப்பங்கள், சில வேளை குழந்தைகளின் பெயரும் பள்ளிச் சீருடையும். இவற்றைத் தனித்தனியே திரட்ட ஒரு மோசடிக்காரன் பல நாள் அலைய வேண்டும். பெட்டிப் படத்திலோ எல்லாம் அழகாக அடுக்கி, பெயர்ப்பலகையும் மாட்டி, நாமே அவன் கையில் கொடுத்து விடுகிறோம். கைப்பேசியில் இருப்பிடப் பதிவை இயக்கி வைத்திருந்தால், படத்தின் கோப்புக்குள் அது எடுக்கப்பட்ட இடமும் பதிந்திருக்கும்.

இச்செயலிகளில் நாம் ஏற்றுவது, நாம் அமைப்பை மாற்றாத வரையில், எந்திரத்தின் மேற்பயிற்சிக்குப் பயன்படக்கூடும் என்று ஓபன்ஏஐ தன் விதிகளிலேயே சொல்கிறது. ஜெமினியில் நடைபெறும் உரையாடல்களில் ஒரு பகுதியை மனிதர்களும் பார்வையிடக்கூடும் என்றும், இரகசியமானவற்றை அதில் இட வேண்டாம் என்றும் கூகுளும் சொல்கிறது. இவை ஒளித்து வைக்கப்பட்டவை அல்ல. நாம் படிக்காமல் ‘சம்மதம்’ என்று தட்டிவிட்டுக் கடந்து செல்பவை. 2025 செப்டம்பரில் ஐபிஎஸ் அதிகாரி வி.சி. சஜ்ஜனார், இந்த அலையைப் பயன்படுத்திப் போலித் தளங்களும் போலிச் செயலிகளும் முளைத்திருப்பதை எச்சரித்து, ஒரு சொடுக்கில் வங்கிப் பணம் பறிபோகலாம் என்று பொதுமக்களுக்கு அறிவுறுத்தியதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

கசந்த அனுபவங்கள்

நம் சமுதாயத்துக்கு இந்த அச்சம் கற்பனையன்று. 2021 ஜூலையிலும், பின்னர் 2022ஆம் ஆண்டின் முதல் நாளிலும், இந்திய முஸ்லிம் பெண்கள் பலருடைய படங்களை அவர்கள் அறியாமலே எடுத்து, ‘ஏலம்’ விடுவதுபோல் இரு செயலிகளில் வைத்தனர் கயவர்கள். பத்திரிகையாளர், வழக்கறிஞர், சமூக ஊழியர் எனப் பொதுவாழ்வில் குரல் கொடுத்த பெண்களே பெரிதும் குறிவைக்கப்பட்டனர். காவல்துறையின் வழக்கும் கைதும் தொடர்ந்தன. அப்போது படங்களைத் திரிக்க வேண்டிய தேவைகூட இருக்கவில்லை. சாதாரணப் படங்களே போதுமாக இருந்தன.

இன்று திரிக்கும் கருவியும் சேர்ந்துவிட்டது. 2025 இறுதியிலும் 2026 தொடக்கத்திலும் எக்ஸ் தளத்தின் ‘குரோக்’ எந்திரத்தைக் கொண்டு பெண்களின் படங்களில் ஆடையைக் குறைத்துக் காட்டும் இழிசெயல் உலகெங்கும் பரவியது. ஹிஜாப் அணிந்த பெண்களின் படங்களில் ஹிஜாபை நீக்கிக் காட்டியவர்களும் உண்டு. 2026 ஜனவரி 2 அன்று இந்திய அரசின் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் அந்நிறுவனத்துக்கு அறிவிக்கை அனுப்பியது. அதே மாதத்தில் இந்தோனேசியாவும் மலேசியாவும் அந்த எந்திரத்தையே தற்காலிகமாகத் தடை செய்தன. பொம்மை செய்யும் திறமையும் மானத்தைப் பறிக்கும் திறமையும் தொழில்நுட்பத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வேறுபாடு, கேட்பவனின் நிய்யத்திலும் தடுப்பவனின் பொறுப்பிலும் இருக்கிறது.

இங்கே ஒரு செய்தியை அழுத்தமாகச் சொல்ல வேண்டியுள்ளது. இத்தகைய கொடுமை நிகழ்ந்தால், ‘நீ ஏன் படம் போட்டாய்?’ என்று பாதிக்கப்பட்ட பெண்ணையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. வீட்டில் திருடு போனால் வீட்டுக்காரரையா தண்டிக்கிறோம்? எச்சரிக்கை வேறு, பழி வேறு. படிப்பிலும் பணியிலும் முன்னேறும் நம் பெண்கள் இந்த அச்சத்தால் பொதுவெளியை விட்டே ஒதுங்கிவிடுவார்களானால், அந்தக் கயவர்கள் விரும்பியது அதுதான்.

அனுமதி என்னும் ஒழுக்கம்

அப்படியானால் அளவுகோல் என்ன? பிறர் வீட்டுக்குள் அனுமதி கேளாமல், ஸலாம் சொல்லாமல் நுழையக்கூடாது என்று திருக்குர்ஆனின் ‘அந்நூர்’ அத்தியாயம் கட்டளையிடுகிறது. ஒருவரை ஒருவர் பரிகசிப்பதையும், பட்டப்பெயர் சூட்டுவதையும், துருவி ஆராய்வதையும், புறம் பேசுவதையும் ‘அல்ஹுஜுராத்’ அத்தியாயம் தடுக்கிறது. ஒருவர் வெறுக்கும் விதமாக அவரைப் பற்றிக் குறிப்பிடுவதே புறம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியுள்ளார்கள். சொல்லுக்கு உள்ள இந்த ஒழுக்கம் படத்துக்கும் பொருந்தாதா? ஒருவரை அவர் விரும்பாத கோலத்தில் பொம்மையாக்கிக் குடும்பக் குழுவில் போட்டுச் சிரிப்பது, நாவால் அன்றி விரலால் பேசும் புறமே.

அனுமதியோடு நடந்தவற்றுக்கும் நல்ல சான்றுகள் உண்டு. அமெரிக்க வாள்வீச்சு வீராங்கனை இப்திஹாஜ் முஹம்மத் 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஹிஜாபுடன் களமிறங்கி, வெண்கலப் பதக்கம் பெற்ற அணியில் இடம்பெற்றவர். அவரைப் போலவே ஹிஜாப் அணிந்த ‘பார்பி’ பொம்மை ஒன்றை மேட்டல் நிறுவனம் 2017 நவம்பரில் அறிவித்தது. அவருடைய இசைவோடும் ஆலோசனையோடும் உருவான பொம்மை அது. பிறர் தந்த தோற்றத்தை அவர் சுமக்கவில்லை. தம் தோற்றம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் அவர் குரலும் இருந்தது.

நம் தமிழகத்திலேயே இன்னொன்று. ‘லால் சலாம்’ படத்தின் பாடல் ஒன்றில், மறைந்த பாடகர்கள் ஷாஹுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவு மூலம் ஏ.ஆர். ரஹ்மான் மீட்டுப் பயன்படுத்தினார். இது சரியா என்ற விவாதம் எழுந்தபோது, இருவர் குடும்பத்தாரிடமும் அனுமதி பெற்று, அதற்குரிய ஊதியமும் அனுப்பியதாக 2024 ஜனவரியில் அவர் விளக்கமளித்தார். மறைந்தவர் குரலை இவ்வாறு எழுப்பலாமா என்பதில் கருத்து வேறுபடுவோர் வேறுபடட்டும். ஆனால் கேட்க வேண்டியவர்களைக் கேட்டார், கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார் என்ற முறைமையை எவரும் குறை சொல்ல முடியாது. மறைந்த நன்னாவின் படத்தை எடுத்துப் பொம்மையாக்கிப் பேரன் குழுவில் போடும்போது, அவருடைய மனைவி இன்னும் உயிரோடு இருக்கிறார் என்பதை மறந்துவிடக் கூடாது அல்லவா?

அருவிக்கரைப் படங்களில் இந்த ஒழுக்கம் இரட்டிப்பாகத் தேவைப்படுகிறது. ஐந்தருவியில் நம் குடும்பத்தைப் படம் எடுக்கும்போது பின்னணியில் நிற்பவர்கள் யாரோ ஒருவரின் தாய். யாரோ ஒருவரின் மகள். ஈர உடையோடு கரையேறும் வேளையில் படத்துக்குள் அகப்பட்டவர்கள். அந்தப் படத்தை எந்திரத்திடம் கொடுக்கும்போது, நம்மை மட்டுமன்றி அவர்களையும் சேர்த்தே கொடுக்கிறோம். நம் வீட்டுப் பெண்ணின் படம் முன்பின் அறியாத ஒருவருடைய கைப்பேசியிலிருந்து அப்படிச் சென்றிருந்தால் நம் மனம் என்ன பாடுபடும்? நீராடும் இடத்தில் கைப்பேசியைப் பையிலேயே வைத்திருப்பதும், பூங்காவிலோ சாலையோரத்திலோ உடை மாற்றியபின் படம் எடுத்துக்கொள்வதும் எவருக்கும் இழப்பில்லாத நாகரிகம்.

சட்டம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். 2023ஆம் ஆண்டின் இலக்கமுறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவு வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசமும் தரப்பட்டது. ஆனால், ஒருவர் தாமே பொதுவெளியில் வெளியிட்ட தரவுக்கும், தனிமனிதர் தம் வீட்டுப் பயன்பாட்டுக்காகக் கையாளும் தரவுக்கும் இச்சட்டம் பொருந்தாது. அதாவது, மாமா தம் கைப்பேசியில் மருமகளின் படத்தை வைத்து விளையாடுவதை இச்சட்டம் தடுக்கப் போவதில்லை. சட்டம் எட்டாத அந்த இடத்தில் நம் அதபுதான் காவல் நிற்க வேண்டும்.

வீட்டில் செய்யத்தக்கவை

முதலாவதாக, வயது. சாட்ஜிபிடியின் விதிப்படி 13 வயதுக்குட்பட்டோர் அதைப் பயன்படுத்தக் கூடாது. 18 வயது வரை பெற்றோரின் அனுமதி வேண்டும். நம் வீடுகளில் ஒரே கைப்பேசி வாப்பா முதல் கடைக்குட்டி வரை கைமாறுவதால், இந்த விதி ஏட்டோடு நின்றுவிடுகிறது. பிள்ளை எதை ஏற்றுகிறது என்பதைப் பெற்றோரில் ஒருவராவது உடனிருந்து பார்க்க வேண்டும்.

இரண்டாவதாக, அமைப்பு. செயலியின் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் தரவுக் கட்டுப்பாடு என்ற இடத்துக்குச் சென்று, நம் உரையாடலைப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் வசதியை நிறுத்திவிடலாம். கைப்பேசிக் கேமராவில் இருப்பிடப் பதிவையும் நிறுத்திவிடலாம். வீட்டுக் கல்லூரி மாணவர் ஐந்து நிமிடத்தில் செய்து தரக்கூடிய வேலை இது.

மூன்றாவதாக, ஏற்றக்கூடாதவை. குழந்தைகளின் படம், பள்ளிச் சீருடை, அடையாள அட்டை, வண்டி எண், வீட்டு வாசல், நீராடும் கோலம், பிறர் முகம் ஆகியவற்றைத் தவிர்த்துவிட வேண்டும். ஆசை தீரவில்லையென்றால் முகம் இல்லாமலே விளையாடலாமே! ஒரு பூனையை, ஒரு தையல் இயந்திரத்தை, தாத்தாவின் பழைய சைக்கிளைப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லலாம். 2025 ஏப்ரலில் இந்த அலை எழுந்தபோது, உலகின் ஓவியர்கள் பலர் எந்திரத்தை நாடாமல் தம் கையாலேயே தம்மைப் பெட்டிப் பொம்மையாக வரைந்து வெளியிட்டனர். நம் பிள்ளைகளிடமும் ஒரு வெள்ளைத்தாளும் வண்ணப் பென்சிலும் கொடுத்துப் பார்க்கலாம். வரைந்து முடிக்கும்போது அந்தத் தாள் வீட்டை விட்டு எங்கும் போயிருக்காது.

நான்காவதாக, தீங்கு நேர்ந்தால். படத்தைத் திரித்து எவரேனும் மிரட்டினால் பணம் கொடுக்கக் கூடாது, அழித்துவிடவும் கூடாது. திரைப்பதிவு எடுத்து, முகவரியையும் தேதியையும் குறித்துக்கொண்டு, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகார்களை அத்தளத்தில் பெயர் தெரிவிக்காமலும் தரலாம். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 ஆகிய எண்களும் உள்ளன. ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்ற பன்னாட்டுச் சேவை, படத்தை வெளியே அனுப்பாமலே அதன் இலக்க அடையாளத்தை மட்டும் பெற்று, இணைந்துள்ள சமூக ஊடகங்களில் அது பரவாமல் தடுக்க உதவுகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ, 67, 67ஏ, 67பி ஆகிய பிரிவுகள் இத்தகைய குற்றங்களுக்குத் தண்டனை விதிக்கின்றன.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. மகள் ஒரு நாள் நடுங்கும் குரலில், “உம்மா, என் படத்தை யாரோ என்னவோ பண்ணிட்டாங்க” என்று சொல்ல வரலாம். அந்த நேரத்தில் அவள் எதிர்பார்ப்பது ஏச்சையன்று. ஆறுதலான ஒரு கையை. ‘சொன்னால் அடி விழும், படிப்பை நிறுத்திவிடுவார்கள்’ என்ற அச்சம் இருக்கும் வீட்டுப் பிள்ளைதான் மிரட்டுபவனிடம் மேலும் மேலும் சிக்கிக்கொள்கிறது. ஆகவே, துன்பம் வருவதற்கு முன்பே, மஃரிபுக்குப் பின் குடும்பமாக அமரும் ஒரு வேளையில், ‘எது நடந்தாலும் முதலில் எங்களிடம் சொல்; உன் படிப்பு நிற்காது’ என்று பெற்றோர் வாய்விட்டுச் சொல்லி வைப்பது நல்லது. வாப்பா வெளிநாட்டில் இருந்தால் தொலைபேசியிலேனும் சொல்லட்டும். அந்தச் சொல் இந்த வாரமே சொல்லப்பட வேண்டும். வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் மானத்தையும் ஈமானையும் காத்தருள்வானாக!